கொடுத்த இடமும் பிடித்த இடமும்

அன்புள்ள தம்பிக்கு,

கெல்சன்கிர்ஷனிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. ஷால்கே ரசிகரின் ஆதங்கம் வரிக்கு வரி தெரிகிறது. அறுபதாயிரம் பேர் கூடும் மைதானமும் ஏழு தேசியப் பட்டங்களும் உள்ள கிளப் இரண்டாம் டிவிஷனில் கிடந்து அல்லாட, மொத்தமே ஐம்பதாயிரம் பேர் வாழும் ஹைடன்ஹைம் முதல் டிவிஷனுக்கு வந்தது என்ன நியாயம் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, அமெரிக்காவில் படிக்கும் உங்கள் அண்ணா சொன்னதையும் எழுதியிருக்கிறீர்கள். அவருடைய பல்கலைக்கழக அணி ஆடும் கூட்டணியில், வருடக்கணக்காகத் தோற்றுவரும் ஓர் அணியை அனுப்பிவிட்டு வேறு நல்ல அணியைச் சேர்க்கப் பேச்சு நடக்கிறதாம். அங்கே ஆடுவது வேறு கால்பந்து என்றாலும், அங்கே செய்வதை இங்கே ஏன் செய்யக்கூடாது என்பது உங்கள் கேள்வி.

செய்யலாம் தம்பி. ஜெர்மனியிலேயே ஒருமுறை செய்து பார்த்தார்கள், 1965-ல். அந்தக் கதையில் உங்கள் ஷால்கேவுக்கும் பங்கு உண்டு. அதைத் தெரிந்துகொண்ட பிறகும் உங்கள் எண்ணம் மாறாவிட்டால் மறுபடி எழுதுங்கள்.

ஜெர்மனியின் முதல் டிவிஷனான புன்டஸ்லீகா 1963 ஆகஸ்டில் 16 அணிகளோடு தொடங்கியது. அதற்கு முன்பு வட்டார லீக்குகள்தான். விண்ணப்பித்த 46 கிளப்புகளிலிருந்து 16-ஐத் தேர்ந்தெடுத்தார்கள். பவேரியாவின் தலைநகரிலிருந்து 1860 மியூனிக் உள்ளே போனது. பயர்ன் மியூனிக்குக்கு இடமில்லை. பெர்லினுக்கு ஒதுக்கிய ஒரே இடம் ஹெர்த்தாவுக்குப் போனது. இப்போது நினைத்தால் நம்பக் கடினம்: வீரரின் மாத வருமானம் 1,200 மார்க்கைத் தாண்டக்கூடாது என்று அப்போது ஜெர்மன் கால்பந்துச் சங்கம் உச்சவரம்பு வைத்திருந்தது.

மேற்கு பெர்லினின் நிலைமை தனி. 1961 ஆகஸ்ட் 13 முதல் அதைச் சுற்றி மதில் எழுந்துவிட்டது. கிழக்கு ஜெர்மனியின் நடுவே தீவாகிப்போன நகரத்துக்குக் குடும்பத்தோடு போய்க் குடியேற எந்த நல்ல வீரருக்கும் மனம் வரவில்லை. ஹெர்த்தா கணக்கில் வராத பணத்தைக் கொடுத்து வீரர்களை இழுத்தது. பிடிபட்டபோது, எல்லாருமே இதைத்தான் செய்கிறார்கள் என்று வாதாடியது. அந்த வாதத்தில் உண்மை இருந்திருக்கலாம், ஆனாலும் அது எடுபடவில்லை. 1965-ல் ஹெர்த்தாவை லீக்கிலிருந்து நீக்கினார்கள்.

அந்தப் பருவத்தில் பட்டியலின் கடைசி இரண்டு இடங்களில் இருந்தவை கார்ல்ஸ்ரூவும் ஷால்கேவும். விதிப்படி இரண்டும் கீழிறங்க வேண்டும். ஹெர்த்தாவைத்தான் நீக்கியாயிற்றே, நாங்கள் எதற்கு இறங்க வேண்டும் என்று இருவரும் மல்லுக்கு நின்றார்கள். சங்கம் யாரையும் பகைத்துக்கொள்ள விரும்பாமல் லீக்கை 18 அணிகளாக விரித்தது. கார்ல்ஸ்ரூவும் ஷால்கேவும் தங்கின. தகுதிச் சுற்றில் வென்று பயர்ன் மியூனிக்கும் பொருசியா மொன்ஷன்கிளாட்பாக்கும் மேலே வந்தன. ஆகவே தம்பி, மைதானத்தின் கணக்கு மட்டுமே செல்லுபடியாகியிருந்தால் உங்கள் ஷால்கே அந்த வருடமே கீழே போயிருக்கும்.

எஞ்சிய ஓர் இடத்தை பெர்லினுக்கே கொடுப்பது என்று முடிவாயிற்று. பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம். மேற்கு பெர்லினை நாங்கள் கைவிடவில்லை என்று எல்லா விதத்திலும் காட்டவேண்டிய நெருக்கடி மேற்கு ஜெர்மனிக்கு இருந்தது. அந்த அக்கறையை நான் குறை சொல்லமாட்டேன். மதிலுக்குள் அடைபட்டுக் கிடந்த இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்குச் சனிக்கிழமை ஆட்டம் சின்ன விஷயமல்ல. ஆனால் அந்த அக்கறையின் பாரத்தை யார் தலையில் வைத்தார்கள் என்று பாருங்கள். பெர்லின் வட்டார லீக்கில் முதலாவதாக வந்தது டெனிஸ் பொருசியா. அது தகுதிச் சுற்றில் அப்போதுதான் தோற்றுத் திரும்பியிருந்தது. இரண்டாவதாக வந்த ஸ்பான்டாவ் கிளப், எங்களால் முடியாது என்று மறுத்துவிட்டது. மூன்றாவது இடத்தில் இருந்தது நொய்க்கோல்ன் பகுதியின் தாஸ்மானியா 1900. அது சரி என்றது.

பருவம் தொடங்க இரண்டே வாரம். வீரர்கள் விடுமுறையில் இருந்தார்கள். வானொலியில் செய்தி கேட்டுத்தான் பலர் ஊர் திரும்பினார்கள். ஆள் சேர்க்க நேரமில்லை. இத்தாலியில் ஆடிக்கொண்டிருந்த தேசிய அணி வீரர் ஹோர்ஸ்ட் ஷிமானியாக்கை மட்டும் அவசரமாகக் கொண்டுவந்தார்கள்.

முதல் ஆட்டம் 1965 ஆகஸ்ட் 14. மதில் எழுந்து நான்கு ஆண்டுகள் நிறைந்ததற்கு மறுநாள். ஒலிம்பிக் மைதானத்தில் 81,500 பேர் கூடினார்கள். எதிரணி, இறங்கவேண்டிய இடத்தில் தப்பித்த அதே கார்ல்ஸ்ரூ. தாஸ்மானியா 2–0 என்று வென்றது. இரண்டு கோல்களையும் அடித்தவர் ஊஸ்பெக். அன்று மாலை நொய்க்கோல்ன் தெருக்களில் இருந்தவர்களுக்கு, இந்த முடிவு சரிதான் என்றே பட்டிருக்கும்.

அதன்பிறகு 31 ஆட்டங்களில் ஒரு வெற்றிகூட இல்லை. அடுத்த வெற்றி வர மறு வருடம் மே மாதம் 21-ஆம் தேதி ஆயிற்று. இடைப்பட்ட மாதங்களில் அந்த வீரர்கள் என்ன பாடுபட்டார்கள் என்பதை எண்கள் சொல்லும். 34 ஆட்டங்களில் 2 வெற்றி, 4 சமநிலை, 28 தோல்வி. அடித்த கோல் 15, வாங்கிய கோல் 108. வெளியூரில் ஒரு வெற்றியும் கிடையாது. மார்ச் மாதம் சொந்த ஊரிலேயே மைடரிஷ் அணியிடம் 0–9. அறுபது வருடங்கள் போயும் இவற்றில் பெரும்பாலானவை புன்டஸ்லீகாவின் மிக மோசமான சாதனைகளாக அப்படியே நிற்கின்றன.

எனக்கு இவற்றையெல்லாம்விட மனதை உறுத்துவது வேறொரு எண். 1966 ஜனவரி 15, மொன்ஷன்கிளாட்பாக்குடன் ஆட்டம். அதே ஒலிம்பிக் மைதானத்தில் அன்று உட்கார்ந்திருந்தவர்கள் 827 பேர். முதல் நாள் கூட்டத்தில் ஏறக்குறைய நூற்றில் ஒருவர்தான். கொள்ளைநோய்க் காலத்தின் பூட்டிய மைதானங்களை விட்டுவிட்டால் புன்டஸ்லீகா வரலாற்றிலேயே மிகக் குறைந்த கூட்டம் அதுதான். நகரத்தின் மானத்துக்காகத்தான் இந்த அணியை மேலே தூக்கிவிட்டார்கள். ஐந்து மாதத்தில் அந்த நகரமே பார்க்க வருவதை நிறுத்திவிட்டது. அந்த ஜனவரிக் குளிரில், காலிப் படிக்கட்டுகளுக்கு நடுவே, தாஸ்மானியா அன்று தோற்கவில்லை. 0–0 என்று பிடித்து நிறுத்தியது. இந்த ஒன்றை மட்டும் யாரும் எழுதுவதில்லை. இரண்டாயிரத்துக்குப் பின் பிறந்த எந்த ஜெர்மன் பிள்ளையிடம் கேட்டாலும் தாஸ்மானியா என்றால் சிரிக்கத் தெரிகிறது. வட்டார லீக்கில் மூன்றாவதாக வந்து, இரண்டு வாரத்தில் நாட்டின் மிகச்சிறந்த அணிகளோடு மோத அனுப்பப்பட்டவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

பருவ முடிவில் இறங்கிய கிளப் 1973-ல் திவாலாகி மூடியது. அதே வருடம் அந்தப் பெயரைத் தாங்கிப் புதிய கிளப் தொடங்கினார்கள். அதுதான் இன்றும் நொய்க்கோல்னில் ஆடிவருகிறது.

இப்போது அதே வருடம் அதே வாசலில் நுழைந்த மற்ற இருவரையும் பாருங்கள். என் பேச்சின் சாரமே இங்கேதான் இருக்கிறது. 1963-ல் இடம் மறுக்கப்பட்ட பயர்ன் மியூனிக், இரண்டு வருடம் கீழே கிடந்தது. அந்தக் கீழ் டிவிஷனில்தான் செப் மையர், பெக்கன்பாவர், கெர்ட் முல்லர் மூவரையும் சேர்த்து ஓர் அணியைக் கட்டியது. பணமில்லாத வேளையில் சொந்தப் பிள்ளைகளை ஆடவிடுவதைத் தவிர வேறு வழியில்லை. மொன்ஷன்கிளாட்பாக்கிலும் இதே கதைதான். வைஸ்வைலர் என்ற பயிற்சியாளரின் கையில் நெட்ஸரும் ஹைன்கஸும் வளர்ந்தார்கள். தகுதிச் சுற்றில் போராடி, தங்கள் கால்களின் பலத்தில் மேலே வந்தார்கள். முதல் பருவத்திலேயே பயர்னுக்கு மூன்றாம் இடம். 1969 முதல் 1977 வரை ஒன்பது வருடம் தேசியப் பட்டம் இந்த இரண்டு கிளப்புகளைத் தாண்டி வெளியே போகவில்லை.

ஒரே கோடைகாலத்தில் மூன்று அணிகள் உள்ளே வந்தன. இரண்டு இடத்தைப் பிடித்தன, ஒன்றுக்கு இடத்தைக் கொடுத்தார்கள். இடத்தைப் பிடித்தவர்களுக்கு, பிடிக்கும் பாதையிலேயே அந்த இடத்தில் நிற்கும் தெம்பும் சேர்ந்து வந்தது. கொடுக்கப்பட்டவர்களுக்கு இடம் மட்டுமே வந்தது. பலவீனமான அணியை மாற்றவேண்டும் என்பதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடே இல்லை. யார் மாற்றுவது என்பதில்தான். ஊரின் பெருமை, கூட்டத்தின் அளவு, தொலைக்காட்சியிலிருந்து வரும் பணம் என்று மேசையில் உட்கார்ந்து கூட்டிக் கழித்து மாற்றினால், அது வெளியே போகும் அணிக்கும் கெடுதல், உள்ளே வரும் அணிக்கும் கெடுதல். பெர்லினின் மானத்தைக் காக்க வேறு வழியா இல்லை? ஹெர்த்தா கீழே ஆடித் தேறி 1968-ல் தானாகத் திரும்பி வந்தது. அடுத்த வருடமே அதே ஒலிம்பிக் மைதானத்தில் கோல்ன் அணியோடு நடந்த ஆட்டத்துக்கு 88,075 பேர் வந்தார்கள். இன்றுவரை புன்டஸ்லீகாவின் மிகப்பெரிய கூட்டம் அது. மூன்று வருடம் பொறுத்திருந்தால் போதும், பெர்லினுக்கு வேண்டிய அணி வந்திருக்கும்.

காலி இடம் விழுவது இன்றும் நடக்கிறது. ஒவ்வொரு வருடமும் கிளப்புகளின் கணக்குவழக்கைப் பார்த்துத்தான் லைசென்ஸ் கொடுக்கிறார்கள். 2017-ல் 1860 மியூனிக் இரண்டாம் டிவிஷனிலிருந்து இறங்கியது. மூன்றாம் டிவிஷனில் ஆடத் தேவையான லைசென்ஸையும் பெற முடியாமல் நான்காம் நிலைக்குப் போயிற்று. அங்கே ஓர் இடம் காலி. இந்த முறை எந்த நகரத்துக்குக் கொடுக்கலாம் என்று யாரும் கூடிப் பேசவில்லை. இறங்கவேண்டிய அணிகளில் பட்டியலில் மேலே இருப்பவர் தங்கலாம் என்பது முன்கூட்டியே எழுதிவைத்த விதி. அதன்படி 18-ஆம் இடத்தில் இருந்த பாடர்போர்ன் தங்கியது. அதுவும் நகரத்தின் தகுதியாலோ யாருடைய சிபாரிசாலோ அல்ல. மூன்று வருடத்தில் முதல் டிவிஷனிலிருந்து நான்காம் நிலையின் விளிம்புவரை சறுக்கிய அணி அது. யாரைக் கேட்டாலும் பலவீனமான அணி என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஸ்டெஃபான் பாவும்கார்ட்டின் பயிற்சியில் அதே பாடர்போர்ன் 2018-ல் இரண்டாம் டிவிஷனுக்கும், 2019-ல் புன்டஸ்லீகாவுக்கும் ஏறியது. பிறகு ஒரே வருடத்தில் இறங்கவும் செய்தது. பலவீனம் ஓர் அணியின் பிறவிக்குணம் அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

உங்கள் கோபத்துக்கு ஆளான ஹைடன்ஹைம் விஷயத்துக்கு வருகிறேன். 2023 மே மாதக் கடைசி ஞாயிறு. இரண்டாம் டிவிஷனின் கடைசி நாள். ஹாம்புர்க் அணி ஸாண்ட்ஹவுஸனில் 1–0 என்று வென்று முடித்தது. ஹைடன்ஹைம் ரேகன்ஸ்புர்கில் பின்தங்கியிருந்தது. ஹாம்புர்க் ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கிக் கட்டிப்பிடித்து அழுதார்கள். ஐந்து வருடத் தவிப்பு முடிந்ததென்று நினைத்தார்கள். ரேகன்ஸ்புர்கில் ஆட்டம் இன்னும் முடியவில்லை. 2–0 என்று பின்தங்கியிருந்த ஹைடன்ஹைம், கூடுதல் நேரத்தில் பெனால்டியில் சமன் செய்து, தொண்ணூற்றொன்பதாம் நிமிடத்தில் கிளைன்டீன்ஸ்ட் அடித்த கோலில் வென்றுவிட்டது. ஸாண்ட்ஹவுஸன் புல்தரையில் ஒவ்வொருவராகக் கைபேசியைப் பார்த்து அப்படியே நின்றார்கள். ஹைடன்ஹைம் முதல் டிவிஷனுக்குப் போனது. ஹாம்புர்க் கடைசிவாய்ப்பு ஆட்டங்களில் ஸ்டுட்கார்ட்டிடம் 1–6 என்று மொத்தமாகத் தோற்று, மேலும் இரண்டு வருடம் காத்திருந்து 2025-ல்தான் ஏறியது.

எவ்வளவு கொடுமையான முடிவு அது! ஆனாலும் அந்த ரசிகர்களிடமிருந்து யாரும் எதையும் பறிக்கவில்லை. தங்கள் இடம் எங்கே போனது, எந்த நிமிடத்தில் போனது, யார் காலால் போனது என்று அவர்களுக்குத் தெரியும். அமெரிக்காவில் பசிபிக் கரைக் கூட்டணி 2024-ல் உடைந்ததை உங்கள் அண்ணா சொல்லியிருப்பார். பன்னிரண்டு பல்கலைக்கழகங்களில் பத்து, தொலைக்காட்சிப் பணம் அதிகம் கிடைக்கும் வேறு கூட்டணிகளுக்குப் போய்விட்டன. ஆரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் மட்டும் தனியே நின்றன. ஆரிகன் ஸ்டேட் பலவீனமான அணி அல்ல. 2022-ல் பத்து ஆட்டங்களை வென்ற அணி. அவர்கள் எந்த ஆட்டத்தில் தோற்றதால் கைவிடப்பட்டார்கள் என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது.

நம் பக்கத்து அனுபவம் ஒன்றையும் சொல்லவேண்டும், ஏனென்றால் உங்கள் கருத்துக்கு அதில் ஆதரவு இருப்பதுபோலத் தோன்றும். ஐ.பி.எல். கிரிக்கெட்டில் 2015 ஜூலையில் லோதா குழு சென்னை சூப்பர் கிங்ஸையும் ராஜஸ்தானையும் இரண்டு வருடம் தடை செய்தது. அந்த இடத்துக்கு ஏலத்தில் புனேவும் ராஜ்கோட்டும் வந்தன. தாஸ்மானியாவின் கதி அவர்களுக்கு நேரவில்லை. ராஜ்கோட்டின் குஜராத் லயன்ஸ் முதல் வருடமே லீக் சுற்றில் முதலிடம். புனே 2017 இறுதிப் போட்டியில் ஒரே ஒரு ரன்னில் தோற்றது. காரணம் எளிது. தடைபட்ட அணிகளின் வீரர்களைப் பங்கிட்டு முதலில் இவர்களுக்குத்தான் கொடுத்தார்கள். தோனியும் அஸ்வினும் புனேவுக்கு, ரெய்னாவும் ஜடேஜாவும் குஜராத்துக்கு. தாஸ்மானியாவுக்கு இரண்டு வாரம், இவர்களுக்கு நான்கு மாதம். ஆக, வசதி செய்துகொடுத்தால் மேசையில் கொடுத்த இடமும் தாங்கும் என்று நீங்கள் சொல்லலாம். சரி, ஆனால் 2018-ல் சென்னை திரும்பிவந்து அந்த வருடமே கோப்பையைத் தூக்கியபோது அந்த இரண்டு அணிகள் எங்கே இருந்தன? கலைத்துவிட்டார்கள். குஜராத் லயன்ஸ் சட்டையை இன்றும் எடுத்து மாட்டிக்கொள்ள ராஜ்கோட்டில் ஒரு பையனுக்கு ஆசை வருமா? தாஸ்மானியா சட்டையை நொய்க்கோல்னில் இன்றும் அணிகிறார்கள்.

மூடிய லீக்கின் இன்னொரு கொடுமையைக் கோயம்புத்தூரில் பார்த்தோம். சென்னை சிட்டி கால்பந்து அணி நேரு மைதானத்தைச் சொந்தக் களமாக வைத்து ஆடி, 2018–19-ல் ஐ-லீக் பட்டத்தை வென்றது. ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் முந்தியது. வேறு பல நாடுகளில் அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை. ஆனால் மேல் லீக்கான ஐ.எஸ்.எல்.லுக்குள் போக அப்போது வாசலே கிடையாது. வென்ற அணி வென்ற இடத்திலேயே நின்றது. பலவீனமான அணியைப் பாதுகாப்பதும் பலமான அணியைத் தடுப்பதும் ஒரே கதவின் வேலைதான் என்று அன்று தெளிவாகத் தெரிந்தது. பிறகுதான், 2022–23 முதல், ஐ-லீக் வெற்றியாளருக்கு மேலே போக வழி திறந்தார்கள். கோயம்புத்தூருக்கு அது உதவவில்லை.

ஷால்கே ரசிகராக உங்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். 2020 ஜனவரியிலிருந்து ஷால்கே லீக்கில் வெல்லவே இல்லை. முப்பது ஆட்டங்கள் அப்படிப் போயின. இன்னும் ஒன்று போயிருந்தால் தாஸ்மானியாவின் 31-ஐத் தொட்டிருக்கும். 2021 ஜனவரி 9 அன்று, ஆளில்லாத மைதானத்தில், மாத்யூ ஹாப்பி என்ற பத்தொன்பது வயதுப் பையன் மூன்று கோல் அடித்து ஹொஃபன்ஹைமை 4–0 என்று வீழ்த்தினான். அந்த முப்பது ஆட்டங்களின்போது, பலவீனமான அணிகளை லீக்கிலிருந்து எடுத்துவிட்டு வேறு அணியைப் போடவேண்டும் என்று யாராவது சொல்லியிருந்தால் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்? அந்தப் பருவத்தில் ஷால்கே இறங்கியது. அடுத்த வருடமே ஏறியது. அதற்கு அடுத்த வருடம் மறுபடி இறங்கியது. ஒவ்வொன்றும் அவர்களே ஆடி முடிவானது.

அண்ணாவிடம் இதைச் சொல்லுங்கள். அவர்கள் கூட்டணியிலிருந்து அனுப்பப்படும் அணிக்கு அதோடு கதை முடிந்துவிடாது. ஐடஹோ பல்கலைக்கழகத்தைச் சன் பெல்ட் கூட்டணி 2017 பருவத்தோடு வேண்டாம் என்றது. அவர்கள் வீம்புக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருக்காமல், ஒரு படி கீழே பிக் ஸ்கை கூட்டணிக்குப் போனார்கள். மேலிருந்து தாங்களாகவே கீழே வந்த முதல் பல்கலைக்கழகம் என்று கேலி பேசினார்கள். 2022-லிருந்து தொடர்ந்து மூன்று வருடம் அந்த நிலையின் தேசிய நாக்-அவுட் சுற்றில் ஆடினார்கள். அவர்களுக்கு இருந்த ஒரே குறை, மறுபடி மேலே ஏற ஆட்டத்தால் திறக்கும் வழி அங்கே இல்லாததுதான். அந்த வழி உங்கள் ஊரில் இருக்கிறது. அண்ணாவின் கூட்டணி எது, அனுப்பப்போவது எந்த அணியை, அதற்கு என்ன காரணம் எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அந்த அணியின் கடைசி ஐந்து வருட முடிவுகளும் கிடைத்தால் நல்லது.

அன்புடன்.